காற்றுக்கு வழி விட்ட பெட்டிகள்

ஐஸ் வைத்த ரயில் பெட்டிகளின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐஸைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எந்த ஏரியில் வெட்டினார்கள், எத்தனை டன் ஏற்றினார்கள், எந்த முதலாளி அதை வைத்துக் கோடீஸ்வரர் ஆனார் என்று. அமெரிக்காவின் அந்தப் பழைய சரக்குப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்ச காலமாக விடாமல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, அந்தக் கதையை நடத்திச் செல்வது காற்று என்றே எனக்குப் படுகிறது. 1850களிலேயே அங்கே ஐஸ் தாராளமாகக் கிடைத்தது. பெட்டிக்குள் காற்றை எந்த வழியாக விடுவது, எங்கே திருப்புவது, எப்போது வெளியேற்றுவது என்பது பிடிபடத்தான் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த எழுபது ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1851இல் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியிலுள்ள ஆக்டன்ஸ்பர்க்கிலிருந்து பாஸ்டனுக்கு வெண்ணெய் போனது. சாதாரண மரப்பெட்டிதான். சுவரில் மரத்தூளை அடைத்து, உள்ளே ஐஸ் வைத்து அனுப்பினார்கள். வெண்ணெய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வெண்ணெய்க்குப் பெரிய நுணுக்கம் எதுவும் தேவையில்லை. அது மூச்சு விடாது, ரத்தம் சொட்டாது, இறுகியிருந்தால் போதும்.

மரத்தூளை அடைத்து ஐஸைக் காக்கும் வித்தை நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு அப்போதே பழகிய ஒன்று. பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர் 1833இலேயே கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பியிருந்தார். சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக இன்று நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அவருடைய ஐஸைச் சேமித்து வைக்கத்தான் கட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் ஏரியில் வெட்டிய பாளம் பூமத்தியரேகையைத் தாண்டிச் சுற்றிச் சென்னைக்கு வந்திருக்கிறது என்றால், ஐஸை உருகாமல் வைத்திருப்பது அந்தக் காலத்தின் பெரிய சிக்கல் இல்லை என்று தெரிகிறது. ஐஸின் குளிர்ச்சியைப் பக்கத்திலிருக்கும் பொருளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல்.

அதை முதலில் உரக்கச் சொன்னது மாட்டிறைச்சி. 1857இல் சிகாகோவிலிருந்து கிழக்குக் கரைக்கு, வெட்டிச் சுத்தம் செய்த இறைச்சியைச் சாதாரணப் பெட்டிகளில் ஐஸ் தொட்டிகள் வைத்து அனுப்பினார்கள். ஐஸில் நேரடியாகப் பட்ட இறைச்சி நிறம் மாறியது, சுவையும் கெட்டது. தொடக்கூடாது, ஆனால் குளிர வேண்டும். அப்படியென்றால் நடுவில் தூது போக ஒன்று வேண்டும். காற்றைத் தவிர வேறு எது இருக்கிறது?

குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். சூடான காற்று மேலே ஏறும். இது எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் ஒரு மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்று தானாகவே சுற்றிவர வேண்டுமானால், இறங்க ஒரு வழி, தரையோடு ஓட ஒரு வழி, சரக்கினூடே ஏற இடைவெளி, கூரையடியில் ஐஸுக்குத் திரும்ப ஒரு வழி என்று நான்கும் வேண்டும். ஒன்று அடைபட்டாலும் சுற்று நின்றுவிடும். நின்றுவிட்டால், ஐஸை ஒட்டி அடியில் இருக்கும் சரக்கு விறைத்துக் கிடக்கும்; பெட்டியின் நடுவில், மேலடுக்கில் இருப்பது வெளிவெயிலோடு ஒத்துப்போய்விடும். ஒரே பெட்டி, ஒரே கதவு, உள்ளே இரண்டு பருவம். தொட்டியில் ஐஸ் நிறைய இருக்கும்போதே சரக்கு அழுகிக் கிடந்ததற்கு இதுதான் காரணம். வியாபாரிகள் அதைப் பார்த்து "ஐஸ் போதவில்லை" என்று முடிவு கட்டினார்கள். அந்தத் தவறான முடிவு நெடுங்காலம் நீடித்தது.

1867 நவம்பரில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே. பி. சதர்லாண்ட் ஒரு காப்புரிமை பெற்றார். ஐஸ் தொட்டிகளைப் பெட்டியின் இரண்டு முனைகளிலும் வைத்து, காற்றை மேலே உள்ளே வாங்கி, ஐஸ் வழியாக இறக்கி, தொங்கும் மடிப்புகளால் திருப்பி விடுவது அவருடைய ஏற்பாடு. வெறும் புவியீர்ப்பை நம்பிய ஏற்பாடு அது. இயந்திரம் எதுவும் கிடையாது. பின்னால் வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் சதர்லாண்டின் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டே அதே ஊரின் வில்லியம் டேவிஸ் வேறொரு வழி கண்டார். உலோகச் சட்டங்களில் இறைச்சியைத் தொங்கவிட்டு, ஐஸும் உப்பும் கலந்த கலவைக்கு மேலே வைத்தார். இறைச்சி வியாபாரி ஜார்ஜ் ஹாமண்ட் அதை வாங்கிக்கொண்டு பாஸ்டனுக்கு அனுப்பத் தொடங்கினார். குளிர் கிடைத்தது, இறைச்சியும் கெடவில்லை. ஆனால் ரயில் வேகமாக வளைவில் திரும்பும்போது தொங்கிய பாரம் முழுவதும் ஒரே பக்கமாக ஆடியது. சில பெட்டிகள் தடம் புரண்டன. அந்த வடிவத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

1870களின் கடைசியில் இறைச்சி வியாபாரி கஸ்டேவஸ் ஸ்விஃப்ட், ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை வேலைக்கு அமர்த்தினார். சேஸ் ஐஸை மேலே வைத்தார். காற்று இயல்பாகக் கீழே இறங்கியது. இறைச்சியை அடியில் நெருக்கமாக அடுக்கியதால் ஆட்டமும் இல்லை. உயிருள்ள மாட்டை ஏற்றுவதில் பணம் போட்டிருந்த ரயில் கம்பெனிகள் இந்தப் பெட்டிகளை இழுக்க மறுத்ததும், மாட்டு வருமானம் அதிகமில்லாத கிராண்ட் டிரங்க் கம்பெனி கனடா வழியாக இழுத்துச் சென்றதும் வணிக வரலாற்றில் பலமுறை எழுதப்பட்ட சங்கதிகள். ஒரு மாட்டின் எடையில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கு உதவாதது. அதற்கும் சேர்த்து ரயில் கட்டணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் ஸ்விஃப்டின் கணக்கு. கணக்கு சரியானது, அவர் பெரும் செல்வந்தர் ஆனார். நான் அதில் அதிகம் தங்கப்போவதில்லை, ஏனென்றால் இறைச்சி எளிய சரக்கு. அது இறந்துவிட்ட பொருள். அதைக் குளிர்வித்து மூடி வைத்தால் போதும்.

பழம் அப்படி இல்லை. பழம் உயிரோடு இருக்கிறது.

பறித்த பிறகும் ஆரஞ்சு, பீச், ஸ்ட்ராபெரி எல்லாம் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. வைக்கோல் போட்டு மூடிய வாழைத்தார்களுக்குள் கையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். சூடு ஏறினால் பழம் இன்னும் வேகமாக மூச்சு விடும், மூச்சு கூடினால் இன்னும் சூடு ஏறும். இப்படிப்பட்ட சரக்கை இறைச்சிப் பெட்டியில் அடைத்து மூடினால், வெளிவெயிலோடு உள்ளிருந்து வரும் வெப்பத்தையும் சேர்த்து ஐஸ் சமாளிக்க வேண்டும். பழத்துக்குக் குளிரும் வேண்டும், புதுக்காற்றும் வேண்டும்.

இலினாய் மாநிலத்தின் காப்டன் ஊர்க்காரர் பார்க்கர் ஏர்ல் 1860களிலேயே இதோடு மல்லுக்கட்டினார். ஐஸ் வைத்த மரப்பேழைகளில் ஸ்ட்ராபெரியை அடுக்கி சிகாகோவுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளில் பேழைகளை விட்டுவிட்டு முழுப் பெட்டியையே குளிர்விக்கும் முயற்சிக்குப் போனார்.

கலிபோர்னியாவில் இதே போராட்டம் பல மடங்கு பெரியது. அங்கிருந்து நியூயார்க் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். வழியில் பாலைவனம், பனிமலை, ஈரமும் புழுக்கமும் நிறைந்த சமவெளி. ஒரே பயணத்தில் வெயிலில் வெந்து, இரவில் உறைந்து, மறுபடி வேக வேண்டும். 1890இல் எட்வின் டொபையஸ் ஏர்ல் என்ற பழ வியாபாரி, காற்றோட்டமும் ஐஸும் இரண்டும் சேர்ந்த ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். பார்க்கர் ஏர்லோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூரையின் நான்கு மூலைகளிலும் திறந்து மூடும் வாய்கள். ஐஸ் போடுவதும் அவற்றின் வழியாகத்தான், காற்று வாங்குவதும் அவற்றின் வழியாகத்தான்.

இந்தக் கூரைவாய்கள் மிக அழகான ஏற்பாடு. மூடியை முழுதாகச் சாத்தலாம். பல் வைத்த இரும்புப் பட்டையில் மாட்டி வேண்டிய அளவுக்கு நிமிர்த்தியும் வைக்கலாம். ரயில் ஓடும்போது எதிர்க்காற்று திறந்த வாய்க்குள் புகுந்து, காலித் தொட்டி வழியாக இறங்கி, பழத்தினூடே போய், மறுமுனையில் வெளியேறும். குளிர்கால ஆரஞ்சு பலமுறை ஐஸே இல்லாமல், வெறும் காற்றோட்டத்தில் நாடு கடந்து போயிருக்கிறது. வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது மூட வேண்டும், ஏறும்போது திறக்க வேண்டும். அதற்காகவே வழிநிலையங்களில் ஆட்கள் கூரை மேல் ஏறி இறங்கினார்கள். மூடி ஒன்றை மறந்தால் அந்த மூலையில் இருக்கும் பழம் உறைந்துவிடும். வடக்கே உருளைக்கிழங்கு போன்ற சரக்குகளுக்குக் கடுங்குளிரில் அதே பெட்டிக்குள் கரி அடுப்பு வைத்து வெப்பமூட்டியதும் உண்டு. குளிரவைக்கப் போட்ட அதே கனமான சுவர் அப்போது வெப்பத்தைக் காத்தது.

எட்வின் ஏர்ல் 1901இல் தன் தொழிலை ஆர்மர் என்ற இறைச்சிக் கம்பெனிக்கு விற்றார். ஆர்மரின் கையில் பெட்டிகள் குவிந்ததும் ஐஸ் கட்டணத்தை அவர்கள் இஷ்டப்படி வாங்குகிறார்கள் என்று விவசாயிகள் கொதித்தார்கள். 1906இல் வந்த ஹெப்பர்ன் சட்டம், ரயில் போக்குவரத்து என்றால் வண்டி ஓட்டுவது மட்டுமில்லை, காற்றோட்டம் தருவதும் குளிர்விப்பதும் ஐஸ் போடுவதும் அதில் சேரும் என்று எழுதியே வைத்தது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் சரக்குப் பெட்டியின் காற்றோட்டம் இடம்பிடித்திருக்கிறது! அதே ஆண்டு யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் ஆகிய இரண்டு ரயில் கம்பெனிகள் சேர்ந்து பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸைத் தொடங்கின. ஆரஞ்சு நிறப் பெட்டிகளால் பெயர்பெற்று, அது பின்னாளில் உலகின் மிகப் பெரிய குளிர்பெட்டி நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

ஐஸ் போடும் மேடைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யும் அநியாயம். பெட்டிக் கூரையின் உயரத்துக்கு, முழு ரயிலின் நீளத்துக்கு மரமேடை. நடுவில் சங்கிலியில் ஊர்ந்து வரும் ஐஸ் பார்கள், ஒவ்வொன்றும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. ஈட்டி போன்ற கம்பியால் அவற்றைத் தள்ளி, உடைத்து, கூரைவாய்க்குள் இறக்கிக் குத்தி நிரப்ப வேண்டும். கோடையில் தலைக்கு மேல் வெயில், காலுக்கடியில் வழுக்கும் ஐஸ் நீர். நள்ளிரவில் ரயில் வந்தாலும் அதே வேலை. ஒரு ரயில் நாட்டைக் கடப்பதற்குள் இப்படிப் பலமுறை நிரப்ப வேண்டியிருந்தது. ஓரிடத்தில் தாமதமானாலும் சரக்கு போய்விடும். ஸ்டைன்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலில் ஆடம் ட்ராஸ்க் அனுப்பும் கீரைக்கோசுக்கு நேரும் கதி அதுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 12 டன் ஆரஞ்சை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழம் பெரும்பாலும் நீர்தான் என்பதால், எடுக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 2,70,000 கிலோகலோரி. அதற்கு மட்டும் 3.4 டன் ஐஸ் உருக வேண்டும். ஒரு பெட்டியின் இரண்டு தொட்டிகளிலும் சேர்த்து நாலரை, ஐந்து டன் ஐஸ்தான் கொள்ளும். ஆக, முதல் தடவை போட்ட ஐஸில் பெரும்பகுதி, தோட்டத்திலிருந்து பழம் கொண்டு வந்த சூட்டை எடுக்கவே செலவாகிவிடுகிறது. வெளிவெயிலும் பழத்தின் மூச்சும் இனிமேல்தான் கணக்கில் சேரும். இதைத் தவிர்க்கத்தான் பின்னால், பழத்தை ஏற்றுவதற்கு முன்போ, ஏற்றியவுடன் குளிர்காற்றைக் குழாய்களால் பெட்டிக்குள் செலுத்தியோ சூட்டை இறக்கும் முறை வந்தது.

அந்த முறைக்கு வலு சேர்த்தவர் விவசாயத்துறையின் ஜி. ஹரால்ட் பாவெல். 1904 முதல் கலிபோர்னியாவில் அவர் ஆரஞ்சு அழுகலை ஆராய்ந்தார். எல்லோரும் ரயிலையும் ஐஸையும் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தோட்டத்துக்குப் போய்ப் பறிப்பவர்களின் கையைப் பார்த்தார். கத்தரி தோலில் கீறுகிறது, நீளமாக விட்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்துகிறது, அந்தக் காயத்தில் பூசணம் நுழைகிறது. காயம் படாத பழம் நீண்ட பயணத்தையும் தாங்குகிறது என்று சோதனையில் காட்டினார். அவர் சொன்னபடி பறித்த தோட்டங்களில் இழப்பு குறைந்தது. பின்னாளில் கலிபோர்னிய பழ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கே அவர் பொது மேலாளர் ஆனார். அதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனால் பெட்டியின் உள்ளே நடப்பதைக் கடைசி வரை தொடர்ந்து அளந்தவர் வேறொருவர். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். மேரி எங்கிள் பென்னிங்டன், பாவெல் பிறந்த அதே 1872இல் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபோது, பெண் என்பதால் பட்டத்துக்குப் பதில் தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள். அங்கேயே தொடர்ந்து படித்து 1895இல் முனைவர் பட்டம் வாங்கினார். அரசு வேலைக்கான தேர்வை, விவசாயத்துறையின் வேதியியல் பிரிவுத் தலைவர் ஹார்வி வைலியின் யோசனைப்படி, எம். இ. பென்னிங்டன் என்று முதலெழுத்துகளோடு எழுதினார். தேர்ச்சி பெற்றபின்தான் அதிகாரிகளுக்கு அவர் பெண் என்று தெரிந்தது. 1908இல் பிலடெல்பியாவின் உணவு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவரானார்.

முட்டையும் கோழியும் பாலும் கெடாமல் காப்பதே அவருடைய வேலை. பண்ணையிலும் கிடங்கிலும் சரியாக வைத்த பொருள் ரயிலில் கெடுகிறது என்றால் ரயிலில் ஏறித்தான் பார்க்க வேண்டும். ஏறினார். சரக்கினூடே அங்கங்கே வெப்பமானிகளை வைத்து, பயணம் முழுவதும் அளவு எடுத்தார்கள் அவரும் உடன் வேலை செய்தவர்களும். முதலாம் உலகப் போரின்போது நாட்டிலிருந்த சுமார் 40,000 குளிர்பெட்டிகளில் ஒழுங்கான காற்றுச் சுழற்சி உள்ளவை 3,000 மட்டுமே என்பது அவருடைய முடிவு. எண்ணிப் பாருங்கள். வெண்ணெய் பாஸ்டனுக்குப் போய் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்த திருத்தங்கள் கேட்பதற்கு மிகச் சாதாரணமானவை. தொட்டிக்குப் பதில் கம்பிவலைக் கூடையில் ஐஸை வைத்து, சுவரிலிருந்து சற்றே விலக்கி நிறுத்து. காற்று ஐஸைச் சுற்றி நாலாபுறமும் இறங்கட்டும். ஐஸுக்கும் சரக்குக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடுப்பு போடு. மேலேயும் கீழேயும் மட்டும் இடைவெளி விடு. சரக்கைத் தரையில் வைக்காதே. மரச்சட்டக் கிராதி போட்டுச் சற்று உயர்த்து, அடியில் காற்று ஓடட்டும். சரக்குப் பேழைகளுக்கு இடையே சந்து விட்டு அடுக்கு. சுவரின் வெப்பத்தடுப்பைத் தடிமனாக்கு, அதுவும் ஈரம் புகாதபடி. ஈரம் ஏறிய மரத்தூளும் மாட்டுமயிர்க் கம்பளமும் வெப்பத்தைத் தடுப்பதில்லை, சுவரையும் அழுகவைக்கும்.

போர்க்காலத்தில் ரயில்வேக்கள் அரசின் கைக்கு வந்தபோது இவையெல்லாம் சேர்ந்து பொது வடிவமாயின. அதன்பின் கட்டிய பெட்டிகளில் கூடையும் தடுப்பும் தரைக்கிராதியும் வழக்கமாயின. ஏற்றும் கூலிக்காரர்களுக்குக் கிராதி தொந்தரவு, அதன்மேல் கைவண்டி உருட்டுவது கஷ்டம். அதனால் கீல் வைத்துச் சுவரோடு மடக்கும்படி செய்தார்கள். உருகிய நீர் வெளியேறும் குழாயில்கூட வளைவு வைத்து, அதன் வழியே வெளிக்காற்று உள்ளே ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். உப்பு கலந்த ஐஸ் போடும் இறைச்சிப் பெட்டிகளுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. சொட்டும் உப்புநீர் தண்டவாளத்தையும் இரும்புப் பாலங்களையும் அரித்தது. அதைத் தொட்டியில் பிடித்து வைத்து, ஐஸ் நிலையத்தில் மட்டுமே திறந்துவிட வேண்டும் என்று விதி வந்தது.

சேஸ் செய்ததுபோல் ஐஸை மேலே வைக்கும் யோசனையும் சாகவில்லை. கனடாவில் 1930களின் இறுதியிலிருந்து, கூரையடி முழுவதும் ஐஸ் தொட்டிகளும் எட்டு கூரைவாய்களுமாகப் பெட்டிகள் கட்டினார்கள். உள்ளே குளிர் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் அதிகம் வேறுபடாமல் பரவியது. அமெரிக்கர்கள் முனைத்தொட்டியை விடாமல், புவியீர்ப்புக்குத் துணையாக விசிறிகளைச் சேர்த்தார்கள். பெட்டியின் சக்கரத்திலிருந்தே சுழற்சியை வாங்கி ஓடும் விசிறிகள். ரயில் ஓடும்வரை காற்று நன்றாகச் சுற்றும். ரயில் யார்டில் நின்றால் விசிறியும் நின்றுவிடும். பிறகு 1949 வாக்கில், உறைந்த ஆரஞ்சுச் சாற்றை அனுப்ப வேண்டி வந்தபோது, டீசலால் ஓடும் குளிர்பதன இயந்திரம் பெட்டிக்குள்ளேயே ஏறியது. ஐஸ் எவ்வளவு உப்பு சேர்த்தாலும் அந்தக் கடுங்குளிரை நாள்கணக்கில் நிலையாகத் தராது. 1970களின் தொடக்கத்தில் ஐஸ் மேடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இன்று துறைமுகங்களில் அடுக்கி வைத்திருக்கும் குளிர்பதனக் கன்டெய்னரின் கதவைத் திறந்து பார்த்தால், தரை முழுக்க நீளவாக்கில் அலுமினியத் தண்டுகள், அவற்றுக்கிடையே ஆழமான சந்துகள் தெரியும். இயந்திரம் குளிர்காற்றை அந்தச் சந்துகளில் தள்ளுகிறது. அது பெட்டிகளினூடே ஏறி, கூரையடியில் திரும்பி இயந்திரத்துக்குப் போகிறது. உட்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு சிவப்புக் கோடு ஓடும். சரக்கை அதற்கு மேல் அடுக்கக் கூடாது.